கடைசி போல்ட்

டெட்ராய்ட்டின் மதிய வெயில் கராஜுக்குள் நுழைந்து, தாங்கிகளில் நிற்கும் பழைய கமேரோ காரின் வயிற்றைத் தொடுகிறது. அடியில் டுவேன் மல்லாந்து கிடக்கிறான். புதிதாக ஏற்றிய எக்ஸாஸ்ட் குழாய்கள் எஞ்சினை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இனி எலிகூட நுழையாது. கடைசி போல்ட்டுக்கு அவன் கை போகவில்லை. மேலிருந்து மனைவி மார்லீன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு விரல்களை நுழைக்கிறாள்.

"கோணலா ஏறிச்சுன்னா மரை போயிடும். எஞ்சினே போச்சு."

"வாய மூடு. வேர்வையில வழுக்குது."

விரல் நுனியில் போல்ட் தடுமாறுகிறது, நழுவப் பார்க்கிறது, பிறகு மரையைக் கவ்விக்கொண்டு வழுவழுவென்று இறங்குகிறது. டுவேன் அப்போதுதான் மூச்சு விடுகிறான். ஸ்பேனரைப் போட்டு முறுக்குகிறான். வெளியே உட்வர்ட் சாலையில் மற்ற பழைய கார்கள் உறுமிக்கொண்டு ஊர்வலத்துக்குக் கிளம்பிவிட்டன. அவன் ஊர்ந்து வெளியே வருகிறான். மார்லீன் சீட்டில் தாவி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறாள்.

சத்தமே இல்லை.

"இன்னொரு தடவ திருகு!"

அவள் திருகவில்லை. வேலைமேசையையே பார்க்கிறாள். குழாய்களை ஏற்றுவதற்கு முன்பே அவற்றின் பின்னால் மாட்டியிருக்க வேண்டிய, எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், அவனுடைய தொப்பிக்குப் பக்கத்தில், துடைத்த பளபளப்போடு உட்கார்ந்திருக்கிறது.

"டுவேன்," என்கிறாள் மெதுவாக, "அந்தக் கடைசி போல்ட்ட நீ கழட்டுறியா, நான் கழட்டட்டுமா?"