கடல் தெரியும் அறை

"கட்டிலு ஆடுதே?" என்றார் லோகநாயகி அம்மாள், மெத்தையை ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு.

"ஒரு அட்டைய மடிச்சு வெச்சா நின்னுடும்மா. இங்க பாருங்க, கடல் தெரியுது!" என்று லாட்ஜ்காரர் திருவேங்கடம் ஜன்னலைத் திறந்துவிட்டார். தெரியத்தான் தெரிந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு தென்னைக்கும் நடுவில், கைக்குட்டை அகலத்துக்கு.

அம்மாள் குடும்பம் வெளியூரிலிருந்து காரில் வந்திருந்தது. பகலில் மெட்ராஸைச் சுற்றிப் பார்ப்பது, ராத்திரி மாமல்லபுரத்துக்கு வந்து காற்றாடத் தூங்குவது என்று ஏற்பாடாம். கணவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். வளர்ந்த மகன் கலையரசன் ஆடுகிற கட்டிலிலேயே நீட்டிப் படுத்து, ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். தங்கைக்காரி அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பக்கத்துத் தெருவுல ரெண்டு லாட்ஜ் பாத்தாச்சு. கோவளத்துலயும் ஒண்ணு நல்லா இருக்குன்னாங்க" என்றார் அம்மாள்.

திருவேங்கடம் அவசரமாக ஜன்னலை இன்னும் அகலத் திறந்தார். மழைக்காலம், எல்லா அறையும் காலி. அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் பொன்னியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் ஈ ஓட்டுகிற லாட்ஜைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

தாயில்லாத பெண். பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து லாட்ஜைக் கட்டி இழுப்பது அவள்தான். போகிற இடத்திலாவது அவள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் மனிதருக்கு இருந்த ஒரே ஆசை. தரகர் செங்கல்வராயனிடமும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

"சாப்பாட்டுக்கு எப்படி?" என்று கேட்டார் அம்மாள்.

"எல்லாம் எம் பொண்ணு பொன்னிதாம்மா. இருவது பேருன்னாலும் ஒத்த ஆளா ஆக்கிப் போட்டுடும்."

"மெட்ராஸ்லேருந்து நாங்க திரும்பி வர லேட்டாயிட்டா?"

"எப்ப வந்தாலும் அதுதான் எழுந்து கேட்டைத் தொறக்கும். மூஞ்சிய சுளிக்காது."

"தண்ணி, கரண்டு எல்லாம்?"

"மோட்டாரு மக்கர் பண்ணா அதுவே கழட்டி மாட்டிடும். ஃபியூஸு போனாலும் அதுதான். வெளி ஆளையே கூப்புடறது இல்ல."

"வயசுப் பொண்ணைக் கூட்டினு வந்துருக்கோம். பயம் ஒண்ணும் இல்லியே?"

"பயமா? போன மாசம் ஒருத்தன் வெள்ளைக்காரரு கேமராவத் தூக்கிகினு ஓடினான். பொன்னி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொரத்திகினு போயி, ரெண்டு வுட்டு, புடுங்கிகினு வந்துச்சும்மா!"

கலர் சோடா பாட்டில்களோடு வந்து நின்ற பொன்னி, "நைனா, போதும்" என்று பல்லைக் கடித்தாள். லோகநாயகி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலரெல்லாம் வேணாம்மா. முடிவானப்புறம் சாப்புடறோம்" என்றவர், திருவேங்கடத்திடம் திரும்பினார். "அப்ப நீங்க இன்னா பண்றீங்க?"

"நானா? கல்லால குந்திகினு பேப்பர் படிக்கிறேன்!"

அவர் சிரித்தார். அம்மாளும் சிரித்தார். பிறகு மகனைத் தட்டி எழுப்பிக்கொண்டு, போன் செய்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கார் கோவளம், மெட்ராஸ் போகிற ரோட்டில் திரும்பவில்லை. வந்த வழியே திருக்கழுக்குன்றம் ரோட்டைப் பிடித்தது.

"பேரு ஊரு தெரியாதவங்க கிட்ட எதுக்கு நைனா என் கதையெல்லாம்?" என்று பொன்னி எரிந்து விழுந்தாள்.

"கஸ்டமரு புள்ள. நாமதான நம்பிக்கை குடுக்கணும்?" என்றார் திருவேங்கடம், வாசலையே பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலையில் தரகர் செங்கல்வராயன் மொபெட்டை நிறுத்தும்போதே சொல்லிவிட்டார்.

"அண்ணாத்த, ஞாயித்துக்கெழம அவங்க வர்ல."

"இன்னாய்யா சொல்ற?"

"அதான் நேத்தே வந்து பாத்துட்டுப் பூட்டாங்களே! கார்ல வந்த அந்த செய்யாறு லோகநாயகி அம்மாதான் மாப்ளையோட அம்மா. சொல்லாம கொள்ளாம போயி பொண்ணு பாக்கறதுதான் அவங்க வழக்கமாம். எனக்கே இப்பத்தான் சொன்னாங்க."

மோட்டாரைக் கழற்றுகிற பெண்ணை, திருடனைத் துரத்திப் போய் அடிக்கிற பெண்ணை எந்த மாமியார் ஒத்துக்கொள்வாள்? திருவேங்கடம் கல்லாவிலேயே இடிந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு வாழ்க்கைய நானே என் வாயால கெடுத்துட்டனேய்யா!" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"இன்னாத்த கெடுத்தே? அவங்களுக்குப் பொண்ணை அப்பிடிப் புடிச்சிப் போச்சு. சீரு செனத்தி ஒண்ணும் வேணாம்ட்டாங்க. தை மாசமே முகூர்த்தம் வெச்சிடலாம்ன்றாங்க."

திருவேங்கடம் துள்ளி எழுந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தரகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இங்க அது பட்ட பாடு போதும்யா. அங்க போயாவது எம் பொண்ணு குந்தி சாப்புடட்டும்."

செங்கல்வராயன் பின்மண்டையைச் சொறிந்தார்.

"பொண்ணு எங்கியும் போவ வேணாமாம் அண்ணாத்த. மாப்ளதான் இங்க வந்து தங்கிக்கிறாராம்."