கொடி அரைப்பவள்

செத்துப்போன மூத்தாளை வரவழைக்கும் கொடியை இளையாள்தான் அரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்த மலையின் முறை. தினை அறுப்பு முடிந்ததும், மனைவியை இழந்த ஆண்கள் அந்தக் கசப்புச் சாற்றைக் குடித்துவிட்டு, செத்துப்போனவளோடு ஒரு மாலைப்பொழுது பேசுவார்கள். மசணியின் புருஷன் ஜடையனும் ஆண்டு தவறாமல் குடிப்பான். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போன மூத்தாள் கெம்பி அவனிடம் வந்துவிடுவாள். வெறும் இடத்தைப் பார்த்து அவன் சிரிக்கும் அந்தச் சிரிப்பு மசணிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

"நான் அரைச்சுக் குடுக்கணும், அவ வந்து குலாவணுமா?"

இந்த முறை அவள் கொடியை ஓடையில் வீசிவிட்டு ஆடாதோடை இலையை அரைத்தாள். இருமலுக்குக் குடிக்கிற இலைதான். கசப்பு மட்டும் அதே கசப்பு.

ஜடையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுப்பருகே கண்ணை மூடி உட்கார்ந்தான். 'இன்னிக்கு அவ எப்படி வர்றாள்னு பாக்குறேன்' என்று கறுவிக்கொண்டு மசணி எதிரே நின்றாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

பிறகு அவன் பாயில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான். கண்ணைத் திறந்து, அவள் நின்ற பக்கமாகப் பார்த்து, அதே சிரிப்பைச் சிரித்தான்.

"ஈரத் தலையோட ஏன் நிக்குற? சளி புடிச்சுக்கும். வா, இப்படி வந்து தீ காயி."

மசணி அவசரமாகத் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். முடி காய்ந்துதான் இருந்தது.