கௌபாய் மாப்பிள்ளை

குட்மேய்ஸ் கோடைத் திருவிழாவில் கன்ட்ரி மியூசிக் களைகட்டியிருந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்த தாயும் மகளும் மூன்றாம் வரிசையில் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"கோயிலிலை வைச்சுப் பாத்திருக்கலாம்," என்று முணுமுணுத்தாள் பாலாம்பிகை.

"கோயிலெண்டால் பூசை முடியமுன்னமே லண்டன் முழுக்கத் தெரிஞ்சிடும். இஞ்சை ஒரு தமிழ்ச்சனமும் வராது," என்றாள் மகள் தனுஷியா.

மேடையில் கிட்டாரோடு நின்ற மாப்பிள்ளை உருகிக்கொண்டிருந்தார். கௌபாய் தொப்பி பாதி முகத்தை விழுங்கியிருந்தது. ஆள் எப்படியென்று அறிய இருவரும் கழுத்தை நீட்டினார்கள்.

"ஏன் பிள்ளை அழுறார்?"

"பாடுறார் அம்மா. குதிரை செத்துப்போச்சாம்."

"இவரிட்டைக் குதிரையும் இருந்ததோ?"

"இல்லை, பழைய டொயோட்டாதான்."

"எனக்குப் பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டிப் பேசாமல் வீட்டை போவம். ஆர் கட்டாயப்படுத்தினது?"

பாட்டு முடிந்தது. நேரே இவர்களிடம் வந்தவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே நல்ல நரை. தனுஷியா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

"இருங்கோ அங்கிள். இவதான் அம்மா. அப்பா போனபிறகு தனிய இருந்தவ, இப்பத்தான் ஒருமாதிரிச் சம்மதிச்சவ. நீங்கள் ரெண்டுபேரும் கதையுங்கோ, நான் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வாறன்."

பிறகு தாயின் காதருகே குனிந்தாள். "இப்பவே சொல்லுங்கோ, ஆளைப் பிடிச்சிருக்கோ?"

பாலாம்பிகை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ போ பிள்ளை. நல்ல நீளமான வரிசையாப் பாத்து நில்லு."