மார்ச்சுக்கு முந்தின காபரேற்றர்

"தொடாதேங்கோ. முதல்ல அங்க போய்க் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

சேயோன் பூசைக்குப் போகிறவன் மாதிரிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். ஹம்பேர்க்கின் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய கார்ப் பட்டறையில், நீல ஓவரோல் போட்ட பெண்ணொருத்தி மேசையில் கிடந்த துணியை விலக்கினாள். உள்ளே ஒரு காபரேற்றர். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காமல் என்ன செய்யும்? அவனுடைய அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங்கில் எல்லாம் அசல். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற இந்த ஒரு சாமான் மட்டும் நேற்றுச் செய்தது. அதைக் காட்டியே பரிசோதகர், பழைய கார்களுக்குக் கொடுக்கிற H தகட்டைத் தராமல் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். பரிசோதனைக்கு மூன்றாவது முறையாகக் குறித்துக் கொடுத்த ரெர்மின் நாளைக்கு. அதுவும் தவறினால் இந்தக் கோடை முழுக்கக் கார் கராஜுக்குள்தான்.

'V8 டோர்ட்முண்ட்' என்று மட்டும் பெயர் போட்டு, கீழே தன் கைபேசி இலக்கத்தைக் கொடுத்து, ஜெர்மன் மொழியில் இணையத்தில் விளம்பரம் கொடுத்து எட்டு மாதம். ஒருத்தன் உழவு இயந்திரத்துக் காபரேற்றரை அனுப்பிவிட்டு, கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எழுதியிருந்தான். முந்தநாள்தான் இவள் தொலைபேசி எடுத்தாள். "வணக்கம், காபரேற்றர் தேடுறது நீங்கள்தானே?" என்று நேரே தமிழிலேயே கேட்டாள். அந்தச் சந்தோசத்தில் அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. இன்று விடிய டோர்ட்முண்டிலிருந்து வெளிக்கிட்டு வந்துவிட்டான்.

"உங்கட கார் எப்ப கட்டினது?"

"அறுபத்தொன்பது, மார்ச்."

"அப்ப இதைப் பாருங்கோ." மேலே குத்தியிருந்த மூன்று இலக்கங்களில் ரோர்ச் வெளிச்சத்தைப் பிடித்தாள். "ஒன்பது, ஒண்டு, ரண்டு. அறுபத்தொன்பதாம் ஆண்டு, முதலாம் மாசம், ரண்டாம் கிழமை. காருக்கு முன்னம் பிறந்த சாமான். மே மாசத்துச் சாமானைப் பூட்டிக்கொண்டு போனால், பிள்ளை பிறந்தாப் பிறகு தாய் பிறந்த கதைதான்."

சேயோன் காபரேற்றரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்பவும் காபரேற்றரைப் பார்த்தான். இருபத்தொன்பது வயது வரைக்கும் எந்தப் பெண்ணும் அவனிடம் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை.

அவனுடைய கைபேசி அடித்தது. வெட்டினான். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினான்.

"ஆர் அது?"

"அம்மா. ஒரு கலியாணப் பேச்சு. ஆரோ இஞ்சத்தப் பொம்பிளையாம், ஹம்பேர்க். படம் அனுப்பினவா, நான் இன்னும் திறக்கேல்லை. கார் முடியட்டும், கார் முடியட்டும் எண்டு கடத்திக்கொண்டிருக்கிறன்."

"எவ்வளவு காலமா?"

"ஒரு ஆறு மாசம் வரும்."

அவள் துணியை இழுத்துக் காபரேற்றரை மூடினாள். நடுப்பூசையில் திரை விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"மூண்டு நம்பர் பார்க்க முந்நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடி வந்திருக்கிறியள். ஒரு மனுசிக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஆறு மாசம் காணேல்லையோ?"

"இல்லை, நான் அப்பிடி..."

"அந்தப் பிள்ளை வேண்டாமெண்டு சொல்லிப் பார்த்திருப்பாள். 'யோசி, யோசி' எண்டு தேப்பன்காரன் உயிரை எடுத்திருப்பார். எங்கட ஆக்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை சொன்னால் காது கேக்காது. பெடியன் சொன்னால்தான் கேக்கும். தெரியாதோ உங்களுக்கு?"

"நான் காரைத்தான்..."

"எடுங்கோ அம்மாவுக்கு. ஓமோ, இல்லையோ, எனக்கு முன்னால சொல்லுங்கோ. நேராக் கதைக்கத் தெரியாத ஆளுக்கு நான் சாமான் குடுக்கிறேல்லை."

சேயோனுக்கு நாளைய ரெர்மின் கண்ணுக்குள் நின்றது. அதற்குப் பக்கத்தில் இந்த நீல ஓவரோலும் நின்றது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தான். அம்மாவுக்கு அழைப்பெடுத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தான்.

"எடுத்திட்டியோ ராசா!" அம்மா நாகலட்சுமியின் குரல் பட்டறை முழுக்க நிறைந்தது. "அந்தக் காருக்கே தாலியைக் கட்டிப்போட்டியோ எண்டெல்லோ பயந்துபோய் இருக்கிறன். பொம்பிளை வீட்டுக்காரர் கிழமைக்கு ரண்டு தரம் எடுக்கினம். நான் எவ்வளவு காலத்துக்குத்தான் உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுறது?"

"அம்மா, அந்தப் பொம்பிளை எனக்கு வேண்டாம்."

"என்னடா இது? படத்தை ஒருக்கால் பாரன்ரா. படிச்ச பிள்ளை, நல்ல வேலை..."

"வேண்டாம் அம்மா. இதுதான் முடிவு. அவையளுக்கும் சொல்லிவிடுங்கோ." சேயோன் கடைக்கண்ணால் நீல ஓவரோலைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்குத் தோதான ஆளை நானே பார்த்திட்டன்."

மறுபக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அவன் அழைப்பை வெட்டினான்.

அவள் காபரேற்றரைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அவன் கையில் கொடுத்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. சேயோன் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டான். ஆனால் வாசல் பக்கம் கால் போகவில்லை.

"இஞ்ச பக்கத்தில நல்ல கோப்பிக் கடை ஏதும் இருக்கோ? நாங்கள் ரண்டு பேரும் ஒருக்கால்..."

"கொஞ்சம் பொறுங்கோ."

அவள் ஓவரோல் பைக்குள் கையைவிட்டுத் தன் கைபேசியை எடுத்தாள். அதில் ஓர் அழைப்பு இருபத்திரண்டு நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காதில் வைத்தாள்.

"அப்பா, கேட்டனீங்கள்தானே? மாப்பிள்ளையே வேண்டாமெண்டிட்டார்."