பின் சீட்டு ஜன்னல்

நாளை மறுநாள் நர்ஸ் ஊருக்கே திரும்பிவிடுகிறாள். இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தும் ஒரு கரடியைக்கூடப் பார்க்கவில்லை என்ற குறை தீர, அறைத்தோழி குண்டூசியின் காரில் காலையிலிருந்து காட்டுச் சாலையில் சுற்றினாள். கண்ணில் பட்டதெல்லாம் மரமும் மழையும்தான்.

“உன் ராசிக்குக் காக்காகூட வராதுடி,” என்றாள் குண்டூசி.

“வாய மூடிக்கிட்டு ஓட்டு.”

எங்கே இறங்கி நின்றாலும் மற்றக் கார்க்காரர்கள் கேமராவை இவர்கள் பக்கமே திருப்பினார்கள். நர்ஸ் திரும்பிப் பார்ப்பாள். இவர்களுடைய கார் மட்டும் நிற்கும்.

ஒரு பெரியவர், “அசையாதீங்க, பயந்துடப்போகுது,” என்று கிசுகிசுத்தார்.

“எதுங்க?”

அவர் படம் எடுப்பதிலேயே இருந்தார்.

சாயங்காலம் நர்ஸுக்கு அலுத்துவிட்டது. “போதும், வீட்டுக்கு விடு,” என்று ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“பின்னாடி ஒண்ணும் தெரியல. அந்த ஜன்னலத் துடைடி.”

நர்ஸ் எட்டித் துடைத்தாள். காலிச் சீட்டுக்கு மேலே, மற்றக் கண்ணாடிகள் தெளிவாக இருக்க, அந்த ஒன்றில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்தது. ஆக்ஸிஜன் மாஸ்க்கில் அவள் தினமும் பார்ப்பதுபோலவே மெல்ல விலகியது, மறுபடி படிந்தது.