பதினாறாவது அடி

"நிறுத்துப்பா! தாளம் தப்புது!"

அன்புராஜ் பீர் கிளாஸை மேஜையில் ஓங்கி வைத்தான். ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, அதையே தட்டிப் பாடிக்கொண்டிருந்த பென்னியின் கைகள் அப்படியே நின்றன.

மாலை நான்கு மணி. கும்மிடிப்பூண்டியில் முதல் ஷிப்ட் விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓட்டல் பார் நிரம்பியிருந்தது.

"மூணு நாளா இதே கம்ப்ளெய்ன்ட், பென்னி" என்றார் கல்லாவில் இருந்த முதலாளி மணவாளன். "இன்னொரு தரம் யாராவது நிறுத்துன்னு சொன்னாங்க, அவ்ளோதான். நாளைலேர்ந்து ஸ்பீக்கர் பாடும். நீ பெட்டியத் தூக்கிக்கினு கெளம்பிடு."

"சினிமாப் பாட்டு பாடச் சொல்லு நைனா!" என்றது ஒரு மேஜை.

"அது உங்க போன்லயே இருக்குதுண்ணா. இது இங்க மட்டுந்தான் கெடைக்கும்" என்றான் பென்னி.

"நல்லவேள, இங்கயோட போச்சு!"

பார் முழுக்கச் சிரிப்பு. பென்னியும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சர்ச்சில் சொந்தப் பாட்டைப் பாட விடமாட்டார்கள். கல்யாண மேடையிலும் விடமாட்டார்கள். இந்தப் பெட்டியும் போனால் அவனுக்கு வேறு இடம் கிடையாது.

அன்புராஜுக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவன் இரும்புத் தகட்டை அழுத்தித் தட்டு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை மெஷின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பழுதைச் சொல்லிவிடுவான். மனைவி காயத்ரி செத்துப் போன இந்த ஒரு வருஷமாக வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஷிப்ட் முடிந்து இங்கே வந்தால், இவன் தாளத்தைத் தப்பவிட்டு உயிரை வாங்குகிறான். அதுவும் தன் கம்பெனி காண்ட்ராக்ட் ஆட்களின் ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு.

"டேய் தம்பி, தாளம்னா இன்னான்னு தெரியுமா?" என்றான். "போன வாரம் ஏழாம் நம்பர் பிரஸ்ஸப் பிரிச்சு மாட்டினேன். பத்து தரம் பெடல மிதிச்சிப் பாத்தேன். பத்து அடியும் ஒரே மாதிரி. சூப்பர்வைசர் ரகுவே கை குடுத்தான். அதுக்குப் பேருதான் தாளம்."

பென்னி சட்டென்று நிமிர்ந்தான். "பத்து தரந்தானாண்ணா? அது வந்து..."

"வாயாடாத. பாடறதுன்னா பாடு, இல்லன்னா எறங்கு" என்றார் மணவாளன்.

பென்னி எழுந்தான். பெட்டியைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"இந்தப் பாட்டு என் பழைய மெஷினுக்கு. மூணு வாரம் அதுலதான் நின்னேன். இன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட்லேர்ந்து அத கிறிஸ்டினா அக்காகிட்ட குடுத்துட்டாங்க."

"மெஷினுக்கு லவ் பாட்டாம்டா!" யாரோ விசிலடித்தார்கள்.

பென்னி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

*கால் மிதிச்சா இரும்பு எறங்கும்,*
*கை நொழைஞ்சா தட்டு கெடைக்கும்;*
*எட்டு மணி நேரம் இதே பேச்சு,*
*எனக்கும் அதுக்கும் சிநேகமாச்சு.*

டம். டம். டம். பெட்டி கனமாக, ஒரே சீராக அதிர்ந்தது. சிரித்த மேஜைகூடக் கொஞ்சம் அடங்கியது. ஒருவன் காலால் தரையைத் தட்டத் தொடங்கினான்.

அன்புராஜ் விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டு. பதின்மூன்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து. பதினாறு.

டம்-டக்.

மறுபடியும் அதே இடம். அதே இடறல். எரிச்சல் தலைக்கேற, நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்ப் பெட்டியின் முன் நின்றான். பார் முழுக்க வேடிக்கை பார்த்தது.

"அந்த 'டக்' இன்னாத்துக்குடா? நல்லாப் போய்க்கினு இருக்கும்போது எதுக்கு கூட ஒண்ணு அடிக்கிற?"

"நான் அடிக்கலண்ணா, நீங்க பிரிச்சு மாட்டின அந்த பிரஸ்தான் அடிக்கும்" என்றான் பென்னி மெதுவாக. "மிதிக்காமயே இன்னொரு தரம் எறங்கும். எப்பயோ ஒருவாட்டிதான் வரும். பாட்டுக்காக நான் பதினாறுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கினேன்."

அன்புராஜ் பென்னியின் ஆரஞ்சு சட்டையைப் பார்த்தான்.

"பழகிட்டா ஒண்ணும் இல்லண்ணா. அந்தத் தாளம் எனக்குத் தெரியும். கைய லேட்டாதான் உள்ள வுடுவேன்."

இருபது பிரஸ்கள் ஒன்றாக அடிக்கும் ஹாலில் எந்த ஸ்குரூ டிரைவருக்கும் கேட்காத சத்தம் அது. அன்புராஜ் சட்டைப் பையில் போனைத் தேடினான். அந்தத் தாளம் தெரியாத கிறிஸ்டினா இப்போது அதில் நிற்கிறாள். அந்தப் பக்கம் எடுத்ததும் கத்தினான்.

"நிறுத்து! மொதல்ல நிறுத்து!"

மணவாளன் கல்லாவிலிருந்து எழுந்தார். "கேட்டுச்சா பென்னி? போதும். பெட்டியத் தூக்கு."

பென்னி தலையைக் குனிந்துகொண்டு பெட்டியிலிருந்து எழப் போனான். அன்புராஜ் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அவன் பாடட்டும் நைனா... ரகு, ஏழாம் நம்பர் பிரஸ்ஸ நிறுத்து!"