பனித்துளி காயறதுக்குள்ள

ஒரு செவுத்தோரம் ஒரு நத்தை இருந்துச்சு. ஒரு மாசமா தெனமும் ஓடிப் பழகுது. வேகம் கூடிருக்கான்னு தெரிஞ்சாகணும், ஆனா கூட ஓட யாருமில்ல, கடிகாரமும் இல்ல. அதனால செம்பருத்தி இலையில தொங்கின பனித்துளிகிட்ட போயி, "அக்கா, நான் குழாயடியில இருந்து ஓடி வர்றேன். நீங்க காயறதுக்குள்ள வந்துட்டா நான் தேறிட்டேன்னு அர்த்தம்"னு சொல்லிச்சு. போன மாசம் இப்படித்தான் ஓடி வந்தப்ப, இலை மட்டும்தான் இருந்துச்சு.

குழாயடிக்குப் போயி கெளம்புச்சு. உலகமே பாலுக்குள்ள முங்கின மாதிரி வெள்ளையா, சத்தமே இல்லாம கெடந்துச்சு. ஓடறோமா மெதக்கறோமான்னே நத்தைக்குப் புரியல. வந்து நிமிந்து பாத்தா, துளி குண்டா, முழுசா தொங்குது.

"ஜெயிச்சுட்டேன்க்கா."

"ஜெயிச்சே தம்பி. ஆனா இன்னிக்கு மூடுபனி. உச்சிப்பொழுது ஆகப்போகுது, சூரியன் எட்டிக்கூடப் பாக்கல. நான் எங்கேருந்து காய?"

நத்தையோட கொம்பு ரெண்டும் மெல்ல உள்ள போயிடுச்சு. அப்புறம் ஒத்தக் கொம்ப மட்டும் வெளிய நீட்டி, மெதுவா கேட்டுச்சு.

"ஏக்கா, நாளைக்கும் மூடுபனி இருக்குமா?"